பாக்குக்கு வெற்றிலை எங்கே?

என் தங்கை லூசிக் கண்ணுக்கு,

நீ போய் மூன்று மாதம். நேற்று உயிர்த்த ஞாயிறு. இன்று பள்ளி விடுமுறை. வெயில் உன் மேசையின் பாதிவரை வந்திருக்கிறது. மறுபாதியில் வைத்து இதை எழுதுகிறேன்.

எழுதி முடித்ததும் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. காய்ச்சலில் இறந்த இருபத்திரண்டு வயது ஆசிரியை என்று மட்டும் இந்த ஊருக்கு உன்னைத் தெரிந்தால் எனக்குப் போதாது.

இரண்டாம் வகுப்பிலிருந்து நீ கூடவே கொண்டுவந்த உன் மூன்றாம் வகுப்பை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சிரிக்காதே. வேறு ஆள் கிடைக்கும்வரை என்று குருசுக்குப்பம் பள்ளியின் பெரிய வாத்தியார் கேட்டார். சென்னையில் ஒரு பத்திரிகையில் எனக்கு வேலை காத்திருந்தது. இரண்டு மாதம்தானே என்று ஒப்புக்கொண்டேன்.

முதல் நாளே தோற்றேன். பருவம் பார்க்காமல், கைக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் படப் புத்தகத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்து வாசித்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "முசியே, அட்டையவே எவ்ளோ நேரம் பாக்குறது?" இன்னொன்று: "மத்மசேல் படத்த எங்க பக்கம்தான் காட்டுவாங்க." உன்னை மத்மசேல் என்று அழைத்தவர்கள் என்னை முசியே என்கிறார்கள். 'ஐயா' பட்டம் கிடைத்துவிட்டது. மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

படத்தை அவர்கள் பக்கம் திருப்பினால் எழுத்து எனக்குத் தெரியாது. அப்படியானால் நீ எப்படி வாசித்தாய்? ஐந்து புத்தகங்களையும் மனப்பாடம் செய்திருந்தாயா? எப்போது? நான் மொட்டை மாடியில் என் கவிதைகளை எனக்கே வாசித்துக்கொண்டிருந்த மாலைகளிலா?

அந்த ஐந்தும் தாய்நாட்டுக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் பள்ளிக்கு விட்டுச்சென்ற படப் புத்தகங்கள். பண்டிகைக்கு ஒன்று. நீ அந்தந்தப் பண்டிகைக்கு முந்திய வாரம்தான் வெளியே எடுப்பாய். மற்ற நாளெல்லாம் அவை துணி சுற்றி அலமாரியில்; நீ வாயால் சொல்லும் கதைதான். ஒருமுறை கேட்டேன், பூட்டி வைப்பதற்கா புத்தகம் என்று. "மாம்பழம் வருசம் பூரா காய்ச்சா யாருண்ணா ஏங்குவா?" என்றாய்.

இன்னொன்றும் கேட்டேன். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. பொம்மை காட்டிக் கதை சொல்வதெல்லாம் ஒரு படிப்பா என்றேன். நீ சண்டைக்கு வரவில்லை. "உன் கவிதைய ஒருநாள் எங்க பசங்க முன்னாடி வாசியேன். எத்தினி பேரு மிச்சம் இருக்காங்கன்னு எண்ணிக்கலாம்."

பிறகு உன் பென்சில் குறிப்புகளைப் பார்த்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் புத்தகத்தின் ஒவ்வொரு பக்க ஓரத்திலும், மிகச் சிறிதாக. "இங்கே கேள்." "குரலைத் தாழ்த்து." "பேசாதே. காத்திரு." பனி மூடிய வீட்டின் கீழே: "உப்பு என்பார்கள். உடனே திருத்தாதே."

திருத்தாதே. ஒரு வாரம் அது உப்பாகவே இருந்ததாம். அஞ்சலை சொன்னாள். கடைசி பெஞ்சு, எட்டு வயது, எல்லாவற்றுக்கும் சாட்சி. "கூரை மேல அம்மாம் உப்பு கொட்டினா வூடு தாங்காதுன்னு நாங்களே கண்டுபிடிச்சோம் முசியே. அப்புறம்தான் மத்மசேல் சொன்னாங்க, அது தண்ணின்னு."

சொல்லாமல் விடும் இடத்தில்தான் கவிதை இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். நீ அதைப் பென்சிலால் இரண்டு சொல்லில் எழுதியிருக்கிறாய்.

இப்போது செய்தி. முக்கியமான செய்தி.

உன் வாசிப்பு நேரம், பதினொன்று முதல் பதினொன்றரை வரை, பாடத்திட்டத்தில் இல்லையாம். அதை எடுத்துவிட்டுக் கணக்கை வைக்கலாம் என்று மேலே பேச்சு. பெரிய வாரத்துப் புதன்கிழமை கல்வி அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்றார் பெரிய வாத்தியார். உன் அரை மணி இருக்குமா, போகுமா. அது என் வாயில் இருந்தது, லூசி. என் வாயில்!

அது உயிர்த்த ஞாயிறு புத்தகத்தின் வாரம். உன் வழக்கப்படி அதுவரை நான் அதைத் திறக்கவில்லை. முந்திய நாள் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். கதை உனக்குத் தெரியும். பெரிய வியாழனன்று கோயில் மணிகளெல்லாம் சிறகு முளைத்து ரோமாபுரிக்குப் பறக்கின்றன. அதனால்தான் மூன்று நாள் மணிச் சத்தம் இல்லை. திரும்பி வரும்போது வண்ண முட்டைகளைப் புல்லில் போட்டுவிட்டு வருகின்றன. பிள்ளைகள் தேடி எடுக்கிறார்கள். கடைசிப் பக்க ஓரத்தில் ஒரே ஒரு சொல்: "வெற்றிலை." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதிகாரி நம்மூர்க்காரர்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நான் பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம். உயிர்த்த ஞாயிற்றுக்கு பிரெஞ்சில் என்ன பெயரோ அதைச் சொன்னேன். "பாக்."

வகுப்பு முழுதும் ஒரே குரலில்: "பாக்கு! வெத்தல எங்க?"

அதிகாரியின் பேனா நின்றது. "என்ன சொல்றாங்க? பாக்னா பாக்கா? இதத்தான் ரெண்டு வருசமா சொல்லிக் குடுத்தீங்களா?" என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார்.

பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நல்ல பிரெஞ்சுதான். அதற்குள் அஞ்சலை எழுந்துவிட்டாள்.

"இல்ல முசியே. பாக்னா பண்டிகை. எங்களுக்குத் தெரியும். போன வருசம் படத்துல முட்டையப் பாத்து, பாக்குன்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மத்மசேல் சிரிக்கல. பாக்கு அவங்க ஊர்லேர்ந்து வந்துடுச்சு, வெத்தல நாமதான் வைக்கணும், ரெண்டும் சேந்தாதான் அழைப்புன்னாங்க."

"வெத்தலன்னா?" என்றார் அதிகாரி.

"எங்க வூட்டுப் பண்டிகைய ஆளுக்கு ஒண்ணு சொல்றது. மாசி மகத்துக்கு எங்க சாமிங்களும் ஊர வுட்டுக் கெளம்பி, கடல்ல குளிச்சிட்டுத் திரும்பி வரும். மணிங்க ரோமாபுரி போயி வர்றாப்பல."

"எங்க சாமி பல்லாக்குல போவும். றெக்கை கெடையாது" என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"உனுக்கு மட்டும் இருக்கா? ஒக்காருடா" என்றாள் அஞ்சலை.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கொழுக்கட்டை, குருத்தோலைச் சிலுவை, மாட்டுக் கொம்புக்கு வர்ணம். மணி பதினொன்றரையைத் தாண்டியது. கடைசியில் அஞ்சலை பின்னால் திரும்பினாள். "நீங்க வெத்தல வைக்கலியே, முசியே?"

அதிகாரி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதிகாரிக் குரலை விட்டு, நம்மூர்க் குரலில்: "சின்னதுல பெரிய வியாழன் அன்னிக்கி மாடியேறிப் பாத்துக்கிட்டே நிப்பேன். மணி பறக்குதான்னு. எங்கம்மா கீழேர்ந்து கத்துவாங்க."

"பறந்துச்சா?"

"நான் சாப்பிடப் போன நேரத்துல பறந்திருக்கும்."

வகுப்பு அதை ஏற்றுக்கொண்டது.

உன் பிழைத்திருத்தம் எது தெரியுமா, லூசி? பிழையை அழிக்காமல் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. காதில் தவறாக விழுந்த ஒரு சொல்லை வைத்து, குப்பத்துப் பிள்ளைகளை அயல்நாட்டுப் பண்டிகைக்கு விருந்தாளியாக அனுப்பாமல், அழைக்கிற வீட்டுக்காரராக்கிவிட்டாய். இதை நீ யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்டிருப்பேனா?

வாசலில் அதிகாரி பெரிய வாத்தியாரிடம் சொன்னார்: "அரை மணி இருக்கட்டும். ஆனா நெலையா ஒரு ஆளு வாசிக்கணும். மாசத்துக்கு ஒருத்தர் மாறுனா நான் கணக்கப் போட்டுடுவேன்." இருவரும் என்னைப் பார்த்தார்கள். சென்னையில் வேலை இருப்பதாகச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றேன். கோழைகளின் பதில்.

வகுப்புக்குத் திரும்பினேன். அஞ்சலை விடவில்லை. "நீங்க பாக்கி, முசியே."

உன்னைப் பற்றிச் சொன்னேன். உனக்கு ஆறு வயது. உயிர்த்த ஞாயிறு காலையில் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, கோயில் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றாய், முட்டை விழும் என்று. நான் பெரிய பையன்களோடு சேர்ந்து உன்னைக் கேலி செய்தேன். நீ அழவில்லை. மணி அடித்து ஓயும்வரை பாவாடையை விடவும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. "அப்ப நீங்க ஏன் ஒரு முட்டைய வாங்கிப் போடல?" என்றாள் அஞ்சலை.

எட்டு வயதுக் கேள்வி, லூசி. பதினாறு வருடமாக எனக்குத் தோன்றாதது.

சென்னைக்கு இன்று காலை கடிதம் போட்டுவிட்டேன், வரவில்லை என்று. இதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அங்கே கிடைக்காத ஒன்று இந்த வகுப்பில் இருக்கிறது. வாசிக்கும்போது யாரோ கேட்கிறார்கள்.

அடுத்து ஜூலைப் புத்தகம். பிரெஞ்சுத் தேசிய நாள் வாணவேடிக்கை. அதன் வாரம் வரும்வரை துணியை அவிழ்க்க மாட்டேன். படத்தை அவர்கள் பக்கமே பிடிப்பேன். தவறாகக் கேட்டுவிட்டு யாராவது கையைத் தூக்கினால், சிரிக்க மாட்டேன். இது சத்தியம்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின் வாசிக்கக் கற்றுக்கொள்கிற
உன் சவரி அண்ணன்