போகவும் மாட்டேன், இருக்கவும் மாட்டேன்

மார்ச் 3, திங்கள்

காதுக்கருவி மையத்தில் இன்று கூட்டமில்லை. சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை நாலு வயதுப் பாப்பா ஒன்றுக்குப் புதுக் கருவி மாட்ட வேண்டும். அதைச் சரிப்படுத்தக் கணினியில் புது மென்பொருள் வேண்டும். பழையதை எடுத்துவிடு என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வெளியூர் போய்விட்டார். எடுத்தேன். முறைப்படி நீக்காமல், அந்த ஃபோல்டரையே தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டு, தொட்டியையும் காலி செய்தேன். பெரிய சுத்தக்காரி!

இப்போது புதியது, பழையதை நீக்கிவிட்டு வா என்கிறது. பழையதை நீக்கப் போனால், நீக்கும் கோப்பையே காணோம் என்கிறது. நோயாளிகளின் பதிவுகள்? நல்லவேளை, அவை வேறு இடத்தில் இருக்கின்றன. எதற்கும் இன்னொரு தடவை பார்த்தேன். இருக்கின்றன.

மார்ச் 4

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். அதே செய்தி. சோறு இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்

பாப்பாவின் அம்மா போன் செய்தாள். பழைய கருவியில் எதுவும் கேட்பதில்லையாம், பிள்ளை கழற்றி வீசுகிறாளாம். வெள்ளிக்கிழமை வரலாம்தானே என்றாள். வாங்க என்று என் வாய் சொல்லிவிட்டது. எந்த தைரியத்தில் சொன்னேன்?

தம்பிக்குக் கணினி பழுதுபார்ப்பதுதான் தொழில். கேட்டால் செய்வான். ஆனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்.

மார்ச் 6, வியாழன்

மானம் போனால் போகட்டும் என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்து முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பழசைத் திரும்ப முழுசாப் போடுக்கா" என்றான்.

எடுக்க முடியலன்னு நான் அழுவுறேன், இவன் போடச் சொல்றான்!

"நீ வாசக்கதவையே பேத்து எறிஞ்சிட்ட. திரும்ப மாட்டினாத்தான் அது வெளிய போகும்."

பழைய சிடி பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. ஏற்றினேன். முறைப்படி நீக்கினேன். பதிவுகளையும் சேர்த்து நீக்கவா என்று நடுவில் கேட்டது. போனில் தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். "இல்லைன்னு அமுக்குக்கா" என்றான், சிரிக்காமல். அப்புறம் புதியது ஏறியது.

டாக்டரம்மாவிடம் நானே போனில் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்?

மார்ச் 7, வெள்ளி

கருவியைக் கணினியோடு இணைத்து, திரையில் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. பாப்பாவின் காதில் மாட்டினேன். அழவில்லை, சிரிக்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். எதையாவது விட்டுவிட்டேனா?

பாப்பா நாற்காலியிலிருந்து இறங்கி டக் டக்கென்று நடந்தாள். நின்றாள். குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

பிறகு வேண்டுமென்றே ஓங்கி ஓர் அடி வைத்தாள்.