மெசேஜின் வால்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மீட்டிங்கில் எங்கள் டீமின் சின்னப் பெண்ணுக்கு, நான் மனதுக்குள் சுருட்டை என்று கூப்பிடும் சுருள்முடிக்காரிக்கு, ஏகப்பட்ட கைதட்டல்.

மருந்து வாங்கும் எங்கள் ஆப்பில் நுழைய, போனுக்கு மெசேஜில் ஆறு இலக்க ஓடிபி வரும். அதை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, நான் செய்த ஆறு கட்டங்களில் டைப் செய்ய வேண்டும். சுருட்டை செய்திருப்பதில் விரலே வேண்டாம். மெசேஜ் வந்ததும் ஆப்பே எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்கிறது.

மேனேஜர் போனை மேசையில் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, "பாருங்க, நான் தொடவே இல்ல!" என்று குதித்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இனிமே இந்தக் கட்டமெல்லாம் எதுக்கு? தூக்கிடலாம்ல?"

தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வந்துவிட்டேன். எவ்வளவு பாடுபட்டேன் அந்தக் கட்டங்களுக்கு! ஒரு எண்ணை அழித்தால் முந்தைய கட்டத்துக்குத் தானாகப் போகும். கை நடுங்குகிறவர்களுக்காக அகலமாக வைத்தேன். இவள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரர் கேட்கிறார், "அந்தப் பொண்ணு மேல பொறாமையா?"

"எனக்கென்ன பொறாமை?"

"அப்ப பாத்திரத்த ஏன் இந்தத் தேய் தேய்க்கிற? ஓட்டை விழுந்துடப் போகுது."

மார்ச் 7, வெள்ளி

டீமை நடத்த ஒரு லீட் போடப்போகிறார்களாம். "இந்த ரிலீஸ் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார் மேனேஜர். சொல்லும்போது பார்வை சுருட்டை மேல். ஆறு வருடமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான். என் கண்ணுக்கு முன்னால் என் தட்டை எடுத்து அவளுக்கு வைக்கிறார்கள்.

சாயங்காலம் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள். "சர்க்கரை போடல அக்கா, உங்களுக்குப் பிடிக்காதே." கெட்டிக்காரியாக மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்வேன். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே!

மார்ச் 11, செவ்வாய்

சுருட்டை எழுதியதைச் சரிபார்க்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. இங்கே ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்து ஓகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போகாது.

குறை தேடித்தான் உட்கார்ந்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? கிடைத்தும்விட்டது.

ஓடிபி மெசேஜின் கடைசியில் புரியாத எழுத்துகள் சில இருக்கும். வால் என்போம். அது ஆப்பின் அடையாளம். வால் பொருந்தினால்தான் போன் அந்த மெசேஜை ஆப்பிடம் கொடுக்கும். நாங்கள் சோதனைக்காகக் கட்டும் ஆப்புக்கு ஒரு வால், ஜனங்கள் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளும் ஆப்புக்கு வேறு வால். சுருட்டை போட்டிருப்பது சோதனை வால்! ஆபீஸ் போன்களில் ஜோராக ஓடும். வெளியே ஒருவர் போனிலும் ஓடாது.

அதற்கு மேல் ஒரு வரி படிக்கவில்லை. தேவைப்படவில்லை.

மார்ச் 12, புதன்

ஓகே கொடுத்துவிட்டேன்.

ஒரு நாள் திணறட்டும், மறுநாள் நானே சரிசெய்து கொடுப்பேன் என்று கணக்கு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். எதிரியா அவள்? டீ வாங்கிக் கொடுத்தவள்.

மார்ச் 13, வியாழன்

இன்னும் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

காலையில் ரிலீஸ், புது ஆப் ஜனங்களின் போனுக்குப் போனது. பத்து நிமிடத்தில் புகார் வர ஆரம்பித்துவிட்டது. மெசேஜ் வருகிறது, ஆப் எடுத்துக்கொள்ளவில்லை. சுருட்டையின் முகம் வெளுத்துப் போனது. முதலில் எனக்கு — எழுதக் கை கூசுகிறது — குளுகுளுவென்று இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. கட்டங்களைத் தூக்கச் சொன்னாரே மேனேஜர்! ஆப்பும் எடுக்காது, டைப் செய்யவும் இடமில்லை என்றால் எவருமே உள்ளே வர முடியாது. மாத்திரை தீர்ந்துபோனவர்கள்? ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்? என் போனிலேயே ஆப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, ஆப் தானாகத் திரையை மாற்றியது. ஆறு கட்டங்கள். என் கட்டங்கள். எல்லாரும் டைப் செய்து உள்ளே வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வாலை மாற்றி மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டது. மாற்றியது சுருட்டைதான். என்னிடம் வந்து, "நீங்க பாத்து ஓகே குடுத்ததால நான் திரும்பப் பாக்கவே இல்ல அக்கா. என் தப்புதான்" என்றாள்.

என் தப்புதான் என்கிறாள்!

மார்ச் 17, திங்கள்

மீட்டிங். மேனேஜர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "கட்டம் எப்படித் தப்பிச்சுது?" என்றார்.

"அன்னைக்கே மீட்டிங் முடிஞ்சதும் உங்ககிட்ட வந்து சண்ட போட்டேனே சார், மறந்துட்டீங்களா? அக்கா செஞ்சத எடுக்க மாட்டேன்னேன். எது கவுந்தாலும் அது நிக்கும்னு தெரியும்" என்றாள் சுருட்டை.

நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம் அது.

மேனேஜர் யோசித்தார். "உங்க கட்டம்தான் ரிலீஸக் காப்பாத்தியிருக்கு. அப்ப லீட் நீங்கதான்" என்றார் என்னிடம். முதலில் கைதட்டியவள் அவள்.

கேட்டது கிடைத்துவிட்டது. எரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அடுத்தவள் வேலையை நாலு பேர் முன்னால் அப்படி வாய் நிறையச் சொல்ல எனக்கு வருமா? அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

சுருட்டையிடம் சொல்லிவிட்டேன். "வால் தப்புன்னு அன்னைக்கே பாத்தேன். தெரிஞ்சுதான் ஓகே குடுத்தேன்."

 அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மேனேஜரிடமும் போய்ச் சொன்னேன். லீட் பதவி இப்போதைக்கு யாருக்கும் இல்லை.

மார்ச் 20, வியாழன்

டீ வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

நான் எழுதிய புதுத் திரையைச் சரிபார்க்கும் வேலை சுருட்டைக்குப் போனது. பக்கம் பக்கமாகக் குறை எழுதி அனுப்பியிருக்கிறாள். அக்கா என்று ஓரிடத்திலும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே நியாயமான குறைகள். ஒன்றைக்கூட அவள் விடவில்லை.