உரித்தெடுத்த உப்புத்தாள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? மாமல்லபுரத்து உப்புக்காற்று எனக்குப் பழகிவிட்டது. என் மேனேஜர்தான் பழகவில்லை.

நாங்கள் சோதிக்கும் குட்டி விமானத்துக்கு வாலில் புரொப்பெல்லர். உடம்பை உரசிவரும் காற்று கலங்கியிருந்தால் அது அதிகமாக இரையும். வானத்தில் கலங்கித்தான் வரும் என்பதால், சோதனைக்கூடத்திலும் காற்றைக் கலக்க விமானத்தின் முன்பக்கம் சொரசொரப்பான உப்புத்தாள் ஒட்டியிருந்தேன். ஆயுத பூஜைக்கு விமானத்தைத் துடைத்தபோது, கூடத்தைச் சுத்தம் செய்யும் எல்லப்பன் அண்ணன் அதை உரித்துவிட்டார்.

"அழுக்கா கீதுன்னு எடுத்துட்டேம்மா" என்றார். அவரை என்ன சொல்வது? அடுத்த சோதனையில் சத்தம் குறைந்துவிட்டது; அதைப் புது டிசைனின் வெற்றி என்று அறிக்கை எழுதச் சொல்கிறார் மேனேஜர். காரணத்தைச் சொன்னால், "உன்னை யாரு கேட்டா?" என்கிறார். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து சாப்பாட்டு மேசையில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை.

முறுக்கு அனுப்பு, எல்லப்பன் அண்ணனுக்கும் சேர்த்து.

இன்று உப்புத்தாளை மறுபடி ஒட்டிச் சோதனையை ஓட்டினேன். பழைய இரைச்சல் அப்படியே வந்தது. கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

உன் மகள்,
ஜெயப்பிரியா