மாப்பிள்ளைக்கு முழங்கால் நிலவரம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. என் வலது முழங்கால் விடமாட்டேன் என்கிறது. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சரிங்க அத்தை, வச்சிடட்டுமா" என்று கேட்கும்போது நான் பாதி வாக்கியத்தில்தான் நிற்கிறேன். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது பாருங்கள். அதனால் உங்கள் அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் மூட்டை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான்தான் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று அவருக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்தால் எனக்கே புரிகிறது, எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டு நிற்கின்றன. துணிக்கடையில் முப்பது வருஷம் நின்ற கால் அல்லவா. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் விற்பனைப் பெண்கள் உட்காரக்கூடாது என்பது எங்கள் முதலாளி போட்ட சட்டம். அவர் கல்லாவில் உட்கார்ந்தே இருந்தார், அவர் முழங்கால் நன்றாக இருக்கிறது.

திடீரென்று ஏன் இந்த முடிவு என்று கேட்பீர்கள். போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அன்றுதான் தீர்மானித்தேன். சொல்லாமல் வந்தது என் தவறு. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றால் வாசல் கதவில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது. மகள் உள்ளேதான் இருந்தாள். நடைபாதைப் பக்கம் இருக்கிற சமையலறை ஜன்னல் வழியாகப் பேசினோம். பாதுகாப்புக்காக நீங்கள் பூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். நல்லதுதான், காலம் கெட்டுக் கிடக்கிறது. எனக்குத் தாகம். டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. பாட்டிலைச் சாய்த்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். குடித்துவிட்டு, படி படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வீட்டுக்கு வந்தேன். மறுநாளே டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆபரேஷன். அதற்குப் பிறகு கட்டிலிலிருந்து எழுப்ப, குளிக்க வைக்க, வாக்கரைப் பிடித்து நடக்க வைக்க ஓர் ஆள் கூடவே வேண்டுமாம். உங்கள் மாமாவைப் பற்றித்தான் தெரியுமே. வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தையே கருக்குகிற மனிதர். எனக்கு இருப்பது ஒரே மகள். கல்யாணமான இந்த இரண்டு வருஷத்தில் அவள் ஓர் இரவுகூட எங்கள் வீட்டில் தங்கியதில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு மூன்று மாதம் மட்டும் அவளை அனுப்பி வையுங்கள். கால் சரியானதும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

தங்கள் நலம் நாடும்,
அத்தை.

*

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மகளை அனுப்பி வைத்ததற்கு மிகவும் நன்றி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலும் பிரித்துவிட்டார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தினமும் காலையில் என் முழங்காலைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பினால்தான் அவள் காப்பியே குடிக்கிறாள். பெரிய டாக்டரே என் காலை வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறார். நீங்கள் நாள் தவறாமல் பார்க்கிறீர்கள். இந்த முழங்காலுக்கு இப்படி ஒரு ரசிகர் கிடைப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நேற்றைவிட இன்று வீக்கம் குறைந்திருக்கிறதே என்று கேட்டீர்களாம். அது வெளிச்சக் கோளாறு. வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.

என் நிலைமையைச் சொல்கிறேன். கட்டில், கழிவறை, மறுபடியும் கட்டில். புரண்டு படுக்க முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வீட்டு மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான் தெரிகிறது. அது நிரம்பி வழிந்தால் எனக்கு அன்றைக்குத் திருவிழா. சாவி போட்டுப் பூட்டாமலே ஒரு மனுஷியை அடைத்து வைக்கலாம் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. சில நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகை வந்துவிடுகிறது.

மகள் என்னை நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள். ஐஸ் வைக்கிறாள், காலைத் தூக்கி வைக்கிறாள். சமைக்கும்போது போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிடுகிறாள். நீங்கள் அங்கே வேலையும் பார்த்துக்கொண்டு, இவள் வெங்காயம் நறுக்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எப்படித்தான் இரண்டையும் சமாளிக்கிறீர்களோ. முந்தாநாள் என்னிடம் வந்து, அம்மா, பால்கனிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இதையெல்லாமா கேட்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. போய் நில்லு என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை நீங்கள் அழைத்தபோது நான்தான் எடுத்தேன். அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். அவ்வளவு நேரமா குளிப்பாய் என்று பிறகு அவளிடம் கோபப்பட்டீர்களாம். தலைக்குக் குளித்தாள், அதுதான். அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டு கேட்கிறேன் என்று போனை நான் பிடுங்கி வைத்திருந்தேன். ஏதாவது கோபம் இருந்தால் என்மேல் வையுங்கள்.

என்னையும் சேர்த்து உங்கள் வீட்டுக்கே அழைத்துப் போய்விடலாம் என்று சொன்னீர்களாம். பெரிய மனது. ஆனால் உங்கள் கட்டடத்தில் லிப்ட் இல்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு மூன்று மாடி எப்படி ஏறுவேன்? மாமா உங்களிடம் "சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லியிருப்பார். வங்கியிலிருந்து யாராவது கூப்பிட்டாலும் அவர் சரி என்பார், தவறான எண்ணுக்கும் சரி என்பார். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கால் மடங்கவில்லை என்பதுதான் இப்போது பெரிய கவலை. பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பெண் வருகிறாள். இந்நேரத்துக்கு நாற்காலியில் உட்கார்வதுபோல் மடங்கியிருக்க வேண்டுமாம். எனக்கு அதில் பாதிகூட இல்லை. இப்படியே விட்டால் உள்ளே தசை இறுகிப்போய்க் கால் கட்டையாகவே நின்றுவிடும் என்கிறாள். வயதானவள், மெதுவாகத்தான் மடங்கும். ஆகவே முன்பு கேட்ட மூன்று மாதத்துக்கு மேல் இன்னும் இரண்டு மாதம் மகள் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுக்காதீர்கள்.

அன்புடன்,
அத்தை.

*

தம்பிக்கு,

மாப்பிள்ளை என்று எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. உங்களைவிட வயதில் மூத்தவள் என்ற முறையில் தம்பி என்று அழைக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து படம் வரவில்லை என்று அழைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். இனி வராது. என் முழங்காலை நீங்கள் பார்த்தது போதும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் கால் மடங்காததற்கு வயதும் காரணமில்லை, டாக்டரும் காரணமில்லை. நான் மடக்கவில்லை. பிசியோ பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சி ஒன்றையும் செய்யவில்லை. மகள் கேட்டால் செய்தாச்சு என்பேன். கால் மடங்கினால் நடப்பேன், நான் நடந்தால் நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே வலி தாங்காமல் இல்லை, தம்பி. அந்த வலியோடு இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். அவளை அந்தப் பூட்டுக்கு வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலை அறுத்தால் நீங்கள் மறுக்க முடியாது என்று நினைத்தேன். அறுத்தேன், வந்தாள். பிறகு அந்தக் காலே என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. குணமானாலும் மோசம், குணமாகாவிட்டாலும் மோசம்.

திங்கட்கிழமை பிசியோ பெண் என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். மகளும் பக்கத்தில்தான் நின்றாள். வலிக்குப் பயந்து மடக்காதவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாளாம். "அவங்கல்லாம் அழுவாங்க, என்னைத் திட்டுவாங்க. நீங்க ஒரு தடவைகூட ஐயோன்னு சொல்லல. உங்களுக்கு நடக்க இஷ்டம் இல்லையா, சொல்லிடுங்க" என்றாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அவள் போன பிறகு மகள் போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தாள். கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போகலம்மா. உனக்காக இல்ல, எனக்கே போக வேண்டாம். நீ காலை மடக்கு."

மடக்கினேன். அந்த வலியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினார். மகள்தான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். ஒன்றுமில்லை, அம்மா காலை மடக்குகிறாள் என்று சொல்லிவிட்டு வந்து மறுபடியும் பிடித்தாள். நான் அழுதேன், அவளும் அழுதாள், விடவில்லை.

அப்படி அழுத்திக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒருநாள் உங்கள் வீட்டில் காஸ் கசிந்திருக்கிறது. கசிவை நிறுத்த முடியவில்லை, வெளியே ஓட முடியவில்லை. நடைபாதைப் பக்கத்து ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் வரும்வரை நின்றிருக்கிறாள். சாயங்காலம் வந்த நீங்கள் முதலில் கேட்டது, ஜன்னலை ஏன் திறந்தாய், யாரைப் பார்த்துக்கொண்டு நின்றாய் என்று. இதைக் கேட்ட பிறகு என் வயிறு எரிந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. பெற்ற வயிறு அல்லவா. நீங்கள் அடித்ததில்லை, குடித்ததில்லை, யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. நல்ல பையன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அவளுடைய அப்பா அன்று இதையெல்லாம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போனுக்கு நீங்கள் அழைத்து ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னபோது, "வேண்டாங்க" என்றார். ஒரே வார்த்தை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. இந்தக் கடிதத்தையும் அவரேதான் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறார். தபாலில் போடலாம் என்றேன், கேட்கவில்லை.

இனி என் கால். அவ்வளவு நாள் நீட்டியே வைத்திருந்ததற்கு விலை இருக்கிறது. வருகிற வாரம் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். மயக்கம் கொடுத்து, அவர்களே வளைத்துப் பார்ப்பார்களாம். முழுதாக மடங்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. ஒருவேளை இனிமேல் தாங்கித் தாங்கித்தான் நடப்பேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மகள் கூட இருப்பாள், அவளே விரும்பி இருப்பாள். எனக்கு அது போதும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் உங்கள் பீரோவில் இருக்கின்றன, அனுப்பிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். மீறி வந்தால் உள்ளே வரலாம், உட்காரலாம், தண்ணீர் தருவோம். ஆனால் பதில் அவள்தான் சொல்வாள், எங்களைக் கேட்டுப் பயனில்லை.

இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். எல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் அடித்துவிடும்மா என்றாள். நீங்கள் நாசமாய்ப் போக வேண்டும் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஆகையால் நன்றாக இருங்கள், தம்பி. எங்காவது தூரமாக, நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். என் பெண்ணை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா.