விழுந்த தூரத்துக்கு மதிப்பெண்

அனுப்புநர்:
செ. ரோசம்மாள், பி.ஏ., எல்.டி.,
உயர்நிலைப் பள்ளி ஆசிரியை,
மேலப்புதூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
காவிரி வட்டார இளைஞர் விளையாட்டு மன்றம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: பெண்கள் ஸ்கேட்டிங் போட்டி – குதித்தலுக்கும் ஆட்டத்தின் அழகுக்கும் மதிப்பெண் வழங்கும் விதிகளைத் திருத்தக் கோருதல் – முதற்பரிசு பெற்ற சிறுமியின் தாய் அளிக்கும் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த பொங்கல் விடுமுறையில் தங்கள் மன்றம் நடத்திய பெண்கள் ஸ்கேட்டிங் போட்டியில் முதற்பரிசு பெற்ற பேட்ரிசியா என் மகள். வயது பதினைந்து. தோற்ற பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் மனுக்கள் தங்கள் மேசைக்கு நிறைய வந்திருக்கும். அவற்றை எங்கே வைப்பது என்பதும் தங்கள் அலுவலகத்துக்குப் பழகியிருக்கும். இந்த மனு அந்த வகையைச் சேர்ந்ததன்று என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். என் மகள் வென்றாள். அவள் வென்ற விதம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்தச் சொல்லை எழுதிய பிறகு, ஓர் அதிகாரிக்கு எழுதும் மனுவில் இது தகுமா என்று யோசித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

2. பரிசளிப்பு நேரத்துக்குத்தான் தங்களால் வர முடிந்தது. போட்டியைத் தாங்கள் பார்க்கவில்லை என்பதால் நடந்ததைச் சொல்ல அனுமதி கோருகிறேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, இசைத்தட்டு பாடப் பாட, சிமெண்டுத் தரையில் வழுக்கிச் சுழன்று ஆடுவது இந்த விளையாட்டு. நம் ஊரில் ரயில்வே காலனிப் பெண்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். என் மகளும் அப்படியே கற்றாள். ஆட்டத்தின் நடுவே எம்பிக் குதித்து, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி சக்கரத்தில் இறங்குவது உண்டு. மன்றத்திடம் இருக்கும் ஆங்கில விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆடுபவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு மதிப்பெண், அதை எப்படிச் செய்தார் என்பதற்கு இன்னொரு மதிப்பெண் என்று அதில் தெளிவாக இருக்கிறது. இரண்டும் சமம்.

3. மன்றச் செயலாளர் திரு. பிச்சைமுத்து பல ஆண்டுகள் டிரில் மாஸ்டராக இருந்தவர். நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் போட்டிகளை நேர்மையாக நடத்திப் பெயர் பெற்றவர். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விதிப் புத்தகத்தில் "குதித்தல்" என்ற சொல்லைக் கண்டதும் அவருக்கு மணல் குழியும் அளவு டேப்பும்தான் நினைவுக்கு வந்திருக்கின்றன. நூறு மதிப்பெண்ணில் தொண்ணூற்றைந்து குதித்தலுக்கு. அதுவும் எத்தனை அடி தாண்டினாள் என்பதற்கு. மீதி ஐந்து "கலை". எத்தனை தடவை வேண்டுமானாலும் குதிக்கலாம், எல்லா அடியும் கூட்டப்படும் என்று அறிவித்தார்கள்.

4. தரையில் சுண்ணாம்புப் பொடி தூவினார்கள். பிள்ளை குதித்து இறங்கியதும் நடுவர் ஒருவர் விசில் ஊத, பாட்டு நிறுத்தப்பட்டது. இருவர் டேப்போடு ஓடிப்போய்க் குனிந்தார்கள். அளந்து முடியும்வரை அந்தப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ரயில் கேட்டில் நிற்பதுபோல் நின்றது. மறுபடி விசில், மறுபடி பாட்டு. ஒலிபெருக்கி வைத்திருந்த திரு. ஹனீஃபா இசைத்தட்டின் ஊசியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தார். "ஒரு பாட்டையாவது முழுசா விடுங்க சார், பாடினவங்க கேட்டா வருத்தப்படுவாங்க" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். கூட்டம் சிரித்தது. நடுவர்களில் ஒருவர் சிரிக்காமல், "பாட்டுக்கு மார்க் இல்லீங்க பாய்" என்று பதில் சொன்னார். அன்று அங்கே பேசப்பட்டதிலேயே உண்மையான வாக்கியம் அதுதான்.

5. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த கோமளவல்லி என்ற சிறுமியைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். ஒற்றைக் காலில் பின்பக்கமாகவே பாதித் தளத்தைச் சுற்றினாள். திரும்பும்போது பாட்டும் அவளும் சேர்ந்து திரும்பினார்கள். ஒரே ஒரு தடவைதான் குதித்தாள். பாட்டு எங்கே மேலே ஏறியதோ அங்கே ஏறினாள். இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை. விசில் ஊதியபோதும் அவள் நிற்கவில்லை; அது தனக்கு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பாட்டில்லாமலே ஆடிக்கொண்டு போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரு தாண்டலுக்கு உரிய அடிகள் மட்டும் அவள் கணக்கில் ஏறின. கடைசி இடம். அவளுடைய தாயார் என்னிடம் வந்து, "உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா டீச்சர், ரொம்ப சந்தோஷம். எங்காத்துப் பொண்ணு வெறுமனே ஆடிண்டு இருந்துட்டா" என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே தம் மகள் தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார்.

6. இனி என் மகள். அவளும் ஆடத் தெரிந்தவள்தான். ஆனால் கணக்கும் தெரிந்தவள். தனக்கு முன் ஆடியவர்களின் மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு, தான் பழகியிருந்த ஆட்டத்தை அங்கேயே கைவிட்டாள். ஓடி ஓடிக் குதித்தாள். கடைசிக் குதியில் கால் மடங்கி இடுப்போடு விழுந்து, அந்தப் பொடியில் வழுக்கிக்கொண்டு போனாள். கைதட்டுவதா, ஓடிப்போய்த் தூக்குவதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன். ஐயா, தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டிய இடம் இது. நின்று இறங்கிய பிள்ளைகளுக்குச் சக்கரம் முதலில் பட்ட தடம்வரை அளந்தார்கள். விழுந்தவளின் தடத்தை அவளுடைய கவுனே துடைத்துவிட்டது. தடம் இல்லாததால், அவள் கிடந்த இடம்வரை டேப்பைப் பிடித்தார்கள். அவள் எழுந்திருக்கவும் விடவில்லை. "அசையாதே பாப்பா, அளந்துக்கறோம்" என்றார்கள். தொடை சிராய்த்து ரத்தம் கசியக் கசிய என் மகள் அசையாமல் கிடந்தாள். அன்றைய போட்டியிலேயே மிக நீளமான குதித்தல் அதுதான் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. படுத்தபடியே அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முன்பு அவளிடம் பார்த்ததில்லை.

7. மீதி ஐந்து மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை வழங்கியவர் ஜவுளி வியாபாரியான திரு. ரங்கசாமி. ஆட்டம் தொடங்கும் முன்பே, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, உடையைப் பார்த்து வழங்கிவிட்டார். பேட்ரிசியாவுக்கு ஐந்தும் கிடைத்தன. கவுனில் ஜரிகை வைத்துத் தைத்தது நான்.

8. மறுநாள் செயலாளரைச் சந்தித்தேன். மரியாதையாக உட்காரச் சொல்லி, காப்பி வரவழைத்து, பொறுமையாகவே பேசினார். "டீச்சரம்மா, அடின்னா அடி. அதிலே பெரிய மனுஷன் பிள்ளை, ஏழைப் பிள்ளை கிடையாது. அழகுன்னு ஒண்ணைச் சொன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தரும் வேண்டியவங்களுக்குப் போட்டுக்குவாங்க. அளக்க முடியாததுக்கு எப்படிங்க மார்க் போடறது?" என்று கேட்டார். இது முட்டாள்தனமான கேள்வி அன்று. பல நாட்கள் இதையே யோசித்தேன். ஆண்டுதோறும் கட்டுரைத் தாள் திருத்துகிறவள் நான். கட்டுரையை அடிக்கோலால் அளப்பதில்லை. இருந்தாலும் நன்றாக எழுதிய பிள்ளை எது என்பதில் நானும் மற்ற ஆசிரியைகளும் பெரும்பாலும் ஒத்துப்போகிறோம். ஒத்துப்போகாத இடத்தில் இரண்டாமவர் பார்க்கிறார், மூன்றாமவர் பார்க்கிறார். தவறு நேரலாம். ஆனால் தவறு நேரும் என்று பயந்து பக்கங்களை எண்ணி மதிப்பெண் போட ஆரம்பித்தால், மறு வருஷமே பிள்ளைகள் பெரிய பெரிய எழுத்தாக எழுதிப் பக்கத்தை நிரப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள்.

9. குதிப்பதைத் தாழ்வாகச் சொல்ல நான் வரவில்லை. அதற்குத் துணிவும் உழைப்பும் வேண்டும். கோமளவல்லி குதித்த அந்த ஒரு குதி இல்லாவிட்டால் அவள் ஆட்டம் அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். குதியை மட்டும் தனியே வெட்டியெடுத்து டேப்பில் தொங்கவிட்டதைத்தான் நான் வெறுக்கிறேன்.

10. இத்தனையும் முடிந்துபோன விஷயம் என்றால் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். சென்னைப் போட்டிக்கு அனுப்பும் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க மார்ச் முதல் ஞாயிறு அன்று மறுபடி ஒரு போட்டி, அதே விதிகளோடு நடக்கும் என்று மன்றத்திலிருந்து தகவல் வந்திருக்கிறது. அன்றிலிருந்து என் மகள் கொல்லைப்புறச் சிமெண்டுத் தரையில் பயிற்சி செய்கிறாள். குதிக்க அல்ல, விழ. முதலில் கோணிச் சாக்கை விரித்து அதன்மேல் விழுந்தாள். சாக்கு இழுத்துப் பிடிக்கிறது, வழுக்க விடமாட்டேன் என்கிறது என்று அதையும் எடுத்துவிட்டாள். இடது இடுப்பில் உள்ளங்கை அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. மருத்துவர் எலும்பு முறியவில்லை என்றார். இப்படியே போனால் முறியும் என்றும் சொன்னார். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "நின்னா சக்கரம் பட்ட இடத்தோட சரிம்மா. விழுந்தா மூணு அடி கூட வருது. உனக்கு ரூல் தெரியலை" என்றாள். ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுக்கு அஞ்சு மார்க்தான். அதுவும் கவுனுக்கு" என்றாள். என் கணவர் செபஸ்தியான் ரயில்வே ஆபீஸில் பார்க்கிறவர்களிடமெல்லாம் மகளின் வெற்றியைச் சொல்லி மகிழ்கிறார். "ஜெயிச்சா ஜெயிச்சதுதானே ரோசம்மா, நீ ஏன் போட்டுக் குடையறே?" என்கிறார். வீட்டில் குடைவது நான் ஒருத்திதான்.

11. ஆகவே கீழ்க்கண்டவாறு விதிகளைத் திருத்த வேண்டுகிறேன். டேப்பும் சுண்ணாம்புப் பொடியும் ஸ்கேட்டிங் தளத்துக்குள் வரக் கூடாது. என்ன செய்தாள் என்பதற்கு ஐம்பது, எப்படிச் செய்தாள் என்பதற்கு ஐம்பது. ஒரே வகைக் குதியைத் திரும்பத் திரும்பச் செய்தால் முதல் தடவைக்கு மட்டுமே மதிப்பெண். பாட்டை எக்காரணம் கொண்டும் நடுவில் நிறுத்தக் கூடாது. உடைக்கு மதிப்பெண் வேண்டாம். நடுவர்கள் மூவராவது இருந்து, ஒருவரையொருவர் கேட்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது இசையோ நடனமோ அறிந்தவராக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விழுந்தால் அந்தக் குதிக்கு மதிப்பெண் இல்லை. இந்தக் கடைசி விதியை எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

12. கோமளவல்லியின் ஆட்டத்தை மறுபடி ஒரு முறை, நிறுத்தாத பாட்டோடு, தாங்களே நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். முதற்பரிசு யாருக்கு என்பதைப் பிறகு தாங்களே முடிவு செய்யலாம். அந்த முடிவு எதுவானாலும் எங்கள் வீட்டிலிருந்து ஆட்சேபம் வராது. என் கணவர் சார்பிலும் இதைச் சொல்லத் துணிகிறேன்.

13. கடைசியாக ஒன்று. இது விதிகளில் சேராது. தங்கள் கருணையைச் சேர்ந்தது. தாங்கள் கையொப்பமிட்டு என் மகள் பெயருக்கே ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். நீளமாக வேண்டாம். அன்று அவள் கடைசியாகச் செய்தது குதித்தல் அன்று, அவள் விழுந்தாள், எழுப்பிவிட வேண்டியவர்கள் அளந்துகொண்டிருந்துவிட்டார்கள் என்று மட்டும் எழுதினால் போதும். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஊரே எழுந்து நின்று கைதட்டியதை அம்மா ஒருத்தி மறுத்தால் பிள்ளை எப்படி நம்பும்? பரிசு கொடுத்த கை எழுதினால் நம்புவாள். மார்ச் முதல் ஞாயிறுக்கு முன் அந்தக் கடிதம் வராவிட்டால் அவளை அந்தத் தேர்வுப் போட்டிக்கு அனுப்ப நான் சம்மதம் தரப் போவதில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் கொல்லையில் அவள் விழும் சத்தம் கேட்கிறது. தயவுசெய்து விரைந்து எழுதுங்கள்.

தங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
செ. ரோசம்மாள்

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 11–2–1961