ஒழுங்கூரின் கடைசிச் சொல்

என் குழப்படிக்காரி சுதாவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கதை புத்தகமாக வரப்போகிறது. அட்டைப்படம் போட ஆள் தேடினோம். கிடைத்தவர் கோயில் கோபுரம் போடவா என்று கேட்டார். பிள்ளைகள் வாசிக்கிற எதிர்காலக் கதைக்குக் கோபுரம் எதற்கு என்று யோசித்துக்கொண்டே, வேண்டாம் என்றேன். நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

கடைசிப் பக்கம் மட்டும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதில் இருக்கிற ஒரு சொல்லால் இந்த வீட்டில் அம்மாவும் நானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கனடாவுக்கு வந்த புதிதில், இங்கிலிஷ் பழக என்று ஸ்காபரோ நூலகத்தின் சிறுவர் பகுதியில் புத்தகம் புத்தகமாக எடுத்து வருவாய். கெட்டுப்போன ஒரு காலம், எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே சாப்பாடு, கேள்வி கேட்கிற ஒரு பிள்ளை. விழுந்து விழுந்து வாசித்தாய். ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாய்.

"அக்கா, உவங்கட கதையளிலை கெட்டவன் எப்பவும் துவக்கோடைதான் நிக்கிறான். துவக்கு வைச்சிருந்தவையிட்டையிருந்து நாங்கள் தப்பி வந்திட்டம். அன்பு வைச்சிருக்கிறவையிட்டையிருந்து எப்பிடித் தப்புறது?"

சோறு வடித்துக்கொண்டிருந்த நான் "விசர்க் கதை கதையாதை" என்றேன். ஆனால் துப்பாக்கியையும் அன்பையும் சேர்த்துக் கேட்ட அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, பார்த்துச் சொன்னவரைக் கட்டினேன். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் விரும்பித்தான் கட்டினேனா என்று இதுவரை என்னிடம் கேட்டவள் நீ ஒருத்திதான். என்ன பதில் சொல்வது, சொல்லு?

அந்தக் கேள்வியிலிருந்துதான் ஒழுங்கூரை எழுதினாய். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுச் சுவரும் பேசும். என்ன உடுப்பது, யாரோடு சேருவது, வளர்ந்து என்ன வேலைக்குப் போவது, எல்லாம் சுவர்தான் சொல்லும். அதட்டாது, மிரட்டாது. "சாப்பிட்டியா பிள்ளை? உன்ர நன்மைக்குத்தானே சொல்லுறன்" என்று தடவிக் கொடுக்கும். முதல் அத்தியாயத்தை வாசித்ததும், சுவர் பெரிய மாமா மாதிரியே கதைக்குது என்றேன். நீ உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாய்.

ஊருக்கு ஒரு வாசல் இருந்தது. அதற்குப் பூட்டே இல்லை. யாரும் வெளியே போகலாம், போகும்போது "போட்டு வாறன்" என்று சுவருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன எல்லாரும் இருட்டுமுன் திரும்பி வந்துவிடுவார்கள். வேறு மாதிரிச் சொல்லலாம் என்பதே அங்கே ஒருவருக்கும் தெரியாது. கடைசி வரியில், அந்த ஊரில் கேள்வி கேட்கிற பிள்ளையான உன் வேணி அந்த வாசலில் நின்று "போறன்" என்கிறாள்.

நம்முடைய வீடுகளில் அந்தச் சொல்லை யார் சொல்லவிடுவார்கள்? மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போகிற பிள்ளை வாய்தவறிச் சொன்னாலும் கூப்பிட்டு நிறுத்தித் திருத்துவோம். திரும்பி வராதவர்களின் சொல் அது என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம்.

பத்திரிகைக்கார அண்ணைக்கும் அதே பயம்தான். தமிழ்க் கடைகளில் இலவசமாக வைக்கிற அவருடைய வாரப் பத்திரிகையில் உன் கதை தொடராக வந்தது. கடைசிப் பகுதி வந்த வெள்ளிக்கிழமை, கடை வாசலிலேயே நின்று வாசித்தாய். உன் முகம் செத்துப்போனது. வேணி "போட்டு வாறன்" என்று சொல்லியிருந்தாள். அங்கிருந்தே அவருக்கு ஃபோன் எடுத்தாய். நானும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன்.

"பிள்ளை, வெள்ளிக்கிழமையும் அதுவுமா சனம் மரக்கறியோடை வீட்டை கொண்டு போற பேப்பர். அதிலை போறன் எண்டு முடிக்கலாமே? அதுதான் நானே திருத்திப்போட்டன்."

"அண்ணை, அவள் திரும்பி வந்தால் கதையே இல்லை."

"வந்தால் நல்லதுதானே பிள்ளை?"

அவர் நல்ல மனிதர். அதுதான் உனக்குக் கோபம். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். 

அடுத்த மார்கழியில் பெரிய மாமா உனக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். "மாட்டன் எண்டு சொல்லேல்லை, யோசிக்க விடுங்கோ" என்றாய். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று வீடு முழுக்கக் கேட்டது. நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். கலியாணம் ஆகாத பெட்டை தனியாக இருப்பதா என்று சொந்தமெல்லாம் கொதித்தது. வாசலில் பெட்டியோடு நின்று "அம்மா, போறன்" என்றாய்.

"போட்டு வாறன் எண்டு சொல்லு."

"பொய் சொல்ல ஏலாதம்மா."

அந்தப் பனிக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய். பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், பனிக்கட்டியில் சறுக்கி வந்த கார். யாரிடமும் கோபப்படக்கூட முடியாத சாவு. உன்னை எரிக்கக் கொண்டுபோன இடத்தில் எல்லாரும் குழறி அழுதோம். அம்மா மட்டும் அழவில்லை. பெட்டி உள்ளே போகும்போது குனிந்து, கடைக்கு அனுப்புகிற குரலில், "போட்டு வா பிள்ளை" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் நிற்கிறது. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

அந்தச் சொல்தான் உன்னைக் கொண்டுபோனது என்று அம்மா நம்புகிறார். பனிக்கட்டி உருக ரோட்டில் உப்புப் போடாததை யார் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. புத்தகத்தில் நீ எழுதியபடியே போடப் போகிறேன் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு பிள்ளையின்ர வாயிலை அந்தச் சொல்லை வையாதை, கௌரி." இதற்கு எதிராக நான் எந்த நியாயத்தைச் சொல்வது? சொல்லு, நீதானே எல்லாவற்றுக்கும் நியாயம் வைத்திருப்பவள்.

அதனால் நானும் மனம் தளர்ந்தேன். பத்திரிகையில் வந்தபடியே விட்டுவிடுவோம், ஒரு சொல்தானே என்று நினைத்தேன். அப்போதுதான் என் மகள் பிரியா அந்தப் பழைய பத்திரிகையை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. என்னோடு தமிழில் சண்டை பிடிப்பாள், சிநேகிதிகளோடு இங்கிலிஷில் சிரிப்பாள். வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, லாஸ்ட்ல அவள் சுவர் சொல்லித் தந்ததைத்தானே சொல்லுறாள்? அப்ப வட்ஸ் த பொயின்ட்? சித்தி இப்பிடி எழுதமாட்டா."

உனக்கு வேண்டியிருந்த வாசகி வந்துவிட்டாள், சுதா. நீதான் இல்லை. உன் கையெழுத்துத் தாள்களை அவளிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதேன்.

நேற்று மாலை, வெளியீட்டில் வாசிப்பதற்காகக் கடைசி அத்தியாயத்தை அவள் உரக்கப் படித்துப் பழகினாள். அம்மா மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். எழும்பிப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. பிரியா "போறன்" என்று முடித்தாள். கத்தி நின்றது. 

"வெளியிலை ஸ்னோவோ?" என்று அம்மா கேட்டார்.

பிரியா தாளைப் புரட்டினாள். "தெரியேல்லை அம்மம்மா."

"அந்தப் பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு போனவளோ?"

ஆஸ்பத்திரியில் உன் உடுப்புகளைப் பையில் போட்டுத் தந்தபோது அதில் கோட்டு இருக்கவில்லை, ஸ்வெட்டர்தான் இருந்தது. அந்தப் பையைத் திறந்தவர் அம்மா. கதையில் கோட்டைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. பிரியா அதைச் சொல்ல வாயெடுக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் அம்மா. போட்டுக்கொண்டுதான் போனவள்."

"காலுக்கு?"

"பூட்ஸும் போட்டவள்."

 அம்மாவிடமிருந்து சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. மிச்ச வெங்காயத்தை வெட்டத் தொடங்கினார்.

நாளைக்குக் கடைசிப் பக்கத்தைக் கொடுத்துவிடுவேன். "போறன்" என்றே இருக்கும். அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோட்டும் பூட்ஸும் உன் புத்தகத்தில் வராது, பயப்படாதே. ஆனால் அம்மா எத்தனை தரம் கேட்டாலும், அந்தப் பிள்ளை குளிருக்கு நன்றாகப் போர்த்துக்கொண்டுதான் போனாள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
கௌரி