பின் சீட்டில் ஒருத்திக்குத்தான் இடம்

நேற்று ராத்திரி குளித்த பிறகும் தலைமுடியிலிருந்து கரிப்புகை வாசம் போகவில்லை. காலையில் தலையணை உறையிலும் அதே வாசம். எண்ணெயும் மிளகும் கனலில் சொட்டி எழும் அந்த வாசம் வந்துவிட்டால் உன்னோடு பேசாமல் இருக்க முடிவதில்லை. நேற்று இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் திறந்திருக்கும் புது கிரில் கடைக்குப் போயிருந்தேன். பாண்டிச்செல்வியோடு. உன் ஸ்கூட்டியில். அவள் ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில், ஒரே லைனில், நீயும் நானும் அடுத்தடுத்து நின்றோம். நான் தென்காசிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவள். நீ வல்லம் வடகாலிலேயே பிறந்தவள். ஒருநாள் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்தாய்.

"இன்னாடி இது, சாம்பாரா, கை கழுவுன தண்ணியா? ஞாயித்துக்கெழம ரெடியா இரு. வண்டி எடுத்துகினு வரேன்."

அப்படித்தான் தொடங்கியது. கடையின் போர்டை நீ பார்க்கவே மாட்டாய், அடுப்பைத்தான் பார்ப்பாய். கரி சாம்பல் பூத்துச் சிவந்திருந்தால் வண்டி நிற்கும். தீ எழும்பி எரிந்தால், "மேல கருகும், உள்ள வேகாது, கெளம்பு" என்பாய். சிக்கன் வந்ததும் மயோனைஸைத் தள்ளி வைத்துவிட்டு, எலும்பை ஒட்டிய இடத்தில் முதலில் கடிக்கச் சொல்வாய். "அங்க உப்பு எறங்கிருந்தா, மாஸ்டர் ஷோக்கா ஊற வெச்சுகீறாருன்னு அர்த்தம்."

குட்டியானை வண்டிகளைக் கடையாக்கி, கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் நிறுத்தியிருப்பார்களே, அந்த ஃபுட் ட்ரக்குகளில் ஒன்றைக்கூட நீ விட்டதில்லை. மாதா கோயில் தேர்த் திருவிழாவில், தேரைக் கும்பிட்ட கையோடு, கம்பியில் கோத்துச் சுட்ட மாட்டுக்கறிக்கு வரிசையில் நின்றோம். மைதானத்தில் நடந்த உணவுத் திருவிழாவில் பார்பிக்யூ என்று எழுதியிருந்த கடையில் அன்னாசிப்பழத்தைச் சுட்டுக் கொடுத்தார்கள். "பழத்தப் போய் சுட்டுகினு கீறாங்கோ, பாவம்டி" என்று சிரித்த நீதான் இரண்டு தட்டு தின்றாய்.

போகிற இடமெல்லாம் உன்னைத் தெரிந்துவிடும். இரண்டாவது தடவையே மாஸ்டர், "வாம்மா, உனக்குன்னு லெக் பீஸ் எடுத்து வெச்சிருக்கேன்" என்பார். பக்கத்தில் நிற்கும் என் முகம் ஒருவருக்கும் நினைவிருக்காது. சுருக்கென்று இருக்கும். திரும்பிப் போகும்போது உன் பின்னால் உட்காரப்போவது நான்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன்.

அதற்கும் பங்கு கேட்டு வந்தாள் பாண்டிச்செல்வி. ராமநாதபுரத்துப் பெண், நம்மைவிடச் சின்னவள், வாய் ஓயாதவள். நம் லைனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே உன்னோடு ஒட்டிக்கொண்டாள். மூன்று பேர் ஏறினால் போலீஸ் பிடிக்கும். "ஒரு வாரம் நீ, ஒரு வாரம் அவ. ஓகேவாடி?" என்று கேட்டாய். ஓகே என்றேன்.

அவள் முறை வரும் ஞாயிறுகளில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டபடி நினைத்துக்கொண்டிருப்பேன்: இந்நேரம் எந்தக் கடை? எலும்போரம் கடிக்க அவளுக்கும் சொல்லித் தந்திருப்பாயா? திங்கட்கிழமை டீ பிரேக்கில் அவள், "யக்கா, நேத்து சுங்குவார்சத்திரத்துல ஒரு வண்டி. காடை சுட்டுத் தந்தாக பாருங்க..." என்று ஆரம்பித்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவேன்.

பிறகு நீ காய்ச்சல் என்று லீவு போட்டாய். டெங்கு என்றார்கள். தேறி வந்துவிடுவாய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சேதி வந்ததும் யூனிஃபார்மோடு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். உன் அம்மா பாண்டிச்செல்வியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். நீ ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அந்த நேரத்திலும், அவள் எனக்கு முன்னால் வந்துவிட்டாளே என்பதுதான் உறைத்தது. உன் ஸ்கூட்டியையும் அம்மா அவளுக்கே கொடுத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நியாயம்தான். ஆனாலும் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் அந்த வண்டியில் என்னைக் கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன வாரம் அவளே வந்தாள். "யக்கா, புதுக் கடை தொறந்திருக்காக. தனியாப் போக மனசு வரல. வாறீகளா?"

நேற்று அந்தக் கடையில் அரை கிரில்லும் குப்பூஸ் ரொட்டியும் வந்தன. இருவரும் ஒரே நேரத்தில் மயோனைஸைத் தள்ளி வைத்தோம். அவளும் எலும்போரம்தான் முதலில் கடித்தாள். சொல்லித் தந்திருக்கிறாய்.

"அக்கா ஒருவாட்டி என்னையப் பேரம்பாக்கம் கூட்டிட்டுப் போச்சு. வாழை இலையில மீனக் கட்டிச் சுட்டாக" என்றாள். எனக்குத் தெரியாத கடை. விடுவேனா?

"படப்பைல ஒரு கடை. மாஸ்டர் அன்னைக்கு லீவு. அவளே அடுப்புல நின்னு வந்தவங்களுக்கெல்லாம் சுட்டுக் குடுத்தா. நாந்தான் விசிறுனேன்."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "எப்ப?"

"நீ வேலைக்கு வாறதுக்கு முன்னாடி."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே." குரல் சின்னதாகிவிட்டது. குப்பூஸைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "எந்தக் கடைக்குப் போனாலும், 'இத்த அவ துன்னா இன்னா சொல்லுவா'ன்னு உங்களப் பத்தித்தேன் அக்கா கேக்கும். கூட வந்தது நானு, நெனப்பு உங்க மேல. எனக்குப் பத்திக்கிட்டு வரும்க்கா."

மொட்டை மாடியில் நான் வெந்துகொண்டிருந்த ஞாயிறுகளில் எல்லாம் அவளும் வெந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.

"மாட்டேன் போங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வரும் ஞாயிறு பேரம்பாக்கம் போகிறோம். அதற்கடுத்து படப்பை. உன் கடைகளை எல்லாம் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வதாகப் பேச்சு. எரிச்சல் அடங்கிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் ஹெல்மெட் அவள் தலைக்கு அத்தனை பொருத்தமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மழையில் வண்டி நின்றுபோய், வழியில் சோளம் சுடுகிறவரின் குடைக்குள் நாம் ஒண்டிக்கொண்டோமே. அவரிடம் மிச்சமிருந்தது ஒரே கதிர். நீ பாதி கடித்துவிட்டு, சூடு ஆற ஊதி, மீதியை என் வாயருகே நீட்டினாய். கடைகள் அத்தனையையும் பாண்டிச்செல்வி தெரிந்துகொள்ளட்டும். அந்தப் பாதிச் சோளத்தை அவளுக்குத் தரமாட்டேன்.